அறுந்த நூலும் அறாத உறவும்

கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பைக் காணவருவோர், பாரதியார் அங்கே உலவினார், பாடினார் என்று கேட்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். எதை இழந்த நிலையில் அவர் அங்கே உலவினார் என்று கேட்போர் மிகச் சிலரே. நாம் கேட்போம்.

1908-இல், அடக்குமுறைக்குத் தப்பி, 'இந்தியா' வார ஏடு சென்னையிலிருந்து புதுவைக்குக் குடிபெயர்ந்தது. அச்சகம் பிரெஞ்சு மண்ணில்; வாசகர்களோ ஆங்கிலேயன் ஆண்ட ஊர்களில்! இடையே இருந்தது அஞ்சல் என்னும் ஒற்றை நூல். ஆசிரியரைத் தொட முடியாத வெள்ளையராட்சி என்ன செய்தது? அஞ்சலைத் தொட்டது. எல்லைக்கப்பால் ஏடு நுழையத் தடை பிறந்தது. 1910-இல் 'இந்தியா' நின்றது. வாசகர் இருந்தனர், உணர்ச்சியும் இருந்தது. ஒருவரையொருவர் அறியாத அவர்களை இணைத்த ஏடுதான் இல்லாமற் போயிற்று.

1934-இல் அதே புதுவையில் தோழர் வ. சுப்பையா 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கினார். இது பேசிய மக்கள் தொலைவில் இல்லை. ஆலைச் சங்கின் ஓசை எட்டும் தெருக்களிலேயே இருந்தனர். நேற்றுப் படித்த செய்தியை இன்று தறியருகே நின்று பேசலாம்; மாலையில் சங்கமாகக் கூடலாம். 1936 ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்மீது குண்டு பாய்ந்தது. பன்னிருவர் மாண்டனர். ஆயினும் சங்கம் சாகவில்லை! 1937-இல் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. தாளைப் பறிக்கலாம், தோளோடு தோள் நின்று உழைத்தோரின் உறவைப் பறிக்க எந்த ஆணையால் இயலும்?

இன்று அஞ்சலின் இடத்தில் இணையம். 2017 சனவரியில், முகநூலும் வாட்சப்பும் அழைக்க, ஏறுதழுவல் உரிமைக்காக மெரினாவில் மாணவர் வெள்ளம் திரண்டது. ஒரே வாரத்தில் அவசரச் சட்டம், வியத்தகு வெற்றிதான். ஆனால் 23-ஆம் நாள் காலை காவல்துறை கலைக்க வந்தபோது, யாருடன் பேசுவது, யார் சொன்னால் கூட்டம் எழும் என்பதற்கு விடையில்லை. தலைவரில்லாமையைப் பெருமையாகப் போற்றியோர் உண்டு. அப்பெருமையில் நமக்குப் பங்கில்லை.

தூத்துக்குடியோ வேறு கதை. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக அ. குமரெட்டியாபுரத்து மக்கள் 2018 பிப்ரவரியிலேயே மரத்தடியில் அமர்ந்துவிட்டனர். நூறாம் நாளான மே 22 அன்று துப்பாக்கிச் சூடு, பதின்மூவர் உயிரிழந்தனர். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அன்று ஆங்கிலேயன் அஞ்சலை மறித்தான். இன்று நம்மவர் ஆட்சியே நூலை அறுத்தது! ஆனால் அம்மக்களை இணைத்தது கைப்பேசி மட்டுமா? ஒரே நிலத்தடி நீர், ஒரே காற்று, ஒரே தெரு! மே 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.