காணாமல் போன மூன்று ஃப்ரேம்

ஃபிலிம் காலத்தில் படம் குறைந்தால் கையோடு தெரிந்துவிடும். 35 எம்.எம். சுருளில் அடிக்கு 16 ஃப்ரேம். ஓரத்தில் அடிக்கொரு எண். ஒட்டுப் போட்ட இடத்தில் அந்த எண்ணைப் பார்த்து, எத்தனை போயிற்று என்று எடிட்டிங் உதவியாளன் சொல்லிவிடுவான். அப்படி எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

2007-இல் ரெட் ஒன் கேமரா வந்தது. கார்டிலும் பதியலாம், ஹார்ட் டிஸ்கிலும் பதியலாம். டிஸ்க் என்பது சுழலும் தட்டு. பக்கத்தில் பலத்த அதிர்வு வந்தால் எழுத்து தடுமாறும். கேமராவோ விநாடிக்கு 24 படம் தள்ளிக்கொண்டே இருக்கும். இடமில்லாத படம் போனதுதான்.

டிஸ்கில் எடுத்த திருவிழாக் காட்சி ஒன்று எங்களிடம் வந்தது. பறைக்காரர்களுக்கு நடுவே கேமரா! ஆரம்பத்துக் கிளாப் ஒலியோடு பொருந்தியது. நல்லவேளை, கடைசியிலும் கிளாப் அடித்திருந்தார்கள், அது பொருந்தவில்லை. படம் முந்தி, சத்தம் பிந்தி. டைம்கோடை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். 11-க்கு அடுத்து 15. விநாடியில் எட்டில் ஒரு பங்கு காணோம். ஆடியவரின் கால் அந்த இடத்தில் வெட்டி இழுத்தது.

ஆண்டுக்கொரு திருவிழா, ரீடேக் ஏது? எடிட்டர் அங்கே கூட்டத்து முகம் ஒன்றைச் செருகி, பிறகு சத்தத்தைச் சேர்த்தார்.

அதன்பின் அந்தப் படக்குழு கார்டுக்கு மாறியது. கேமராவிலேயே ஃபார்மட் செய்து, இரு முனையிலும் கிளாப் அடித்தார்கள். சில நிமிடத்துக்கொரு முறை கார்டு மாற்றுவதைப் பார்த்துத் தயாரிப்பு நிர்வாகி முணுமுணுத்தாராம்.