பட்டியலின் சொந்தக்காரி

போன கோடை விடுமுறையில் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு மாறினேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டு வேலைகளையும் என் கல்லூரி வேலைகளையும் நினைவில் வைத்திருந்த செயலி அது. குடும்பத்தில் நான்கு பேருடைய கைபேசியிலும் இருந்தது. திடீரென்று ஒருநாள், இனி இத்தனை பட்டியல்களை இலவசமாகப் பகிர முடியாது, மாதச் சந்தா கட்டுங்கள் என்றது. இயற்பியல் துறைத் தோழி வேறொரு செயலியைச் சொன்னார். "பழசை அப்படியே எக்செல்லா இறக்கிக்கலாம். அதைப் புதுசுல ஏத்திட்டா போதும், அஞ்சு நிமிஷ வேலை."

இறக்கிக்கொண்டேன். ஆனால் அது ஐந்து நிமிட வேலையாக இல்லை.

திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் விரிந்தன. வேலையின் பெயர், நாள், ஒப்படைக்கப்பட்டவர், முடித்தவர் என்று பத்திகள். 'அத்தைக்குச் சர்க்கரைப் பரிசோதனை.' 'இட்லி அரிசி தீர்ந்துவிட்டது.' 'இரண்டாமாண்டு அகமதிப்பெண்.' 'பையனுக்கு ஷூ சைஸ் 9.' பழந்தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொல்லடைவு பார்க்காமல் எந்தப் பிரதியையும் விட முடியாது. யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன்.

பெரும்பாலான வரிகளில் என் பெயர். அதில் வியப்பில்லை. என் கணவரின் பெயர் பதினோரு இடங்களில் இருந்தது. அந்தப் பதினொன்றிலும் 'முடித்தவர்' என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. வேலையை அவர் செய்திருக்கலாம், செய்தாரா என்று கேட்டு, பார்த்து, கட்டத்தில் டிக் போட்டவள் நான். மகனின் பெயர் ஒரே ஒரு வரியில்: 'பள்ளி அடையாள அட்டை கையெழுத்து.' அவனைவிட இரண்டு வயது இளையவள் என் மகள். அவள் எட்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்திலிருந்து அவள் பெயர் வரத் தொடங்குகிறது. மோட்டார் போடுவது, துணி மடிப்பது, பாட்டிக்கு இரவு மாத்திரை. பிறகு பத்தி முழுக்க அவள்தான்.

அந்த வரிகளை மாமியார் எழுதவில்லை, கணவர் எழுதவில்லை. வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிற நான்தான் என் விரலால் எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் 'பட்டியல்' என்ற பொருளின் வரலாறு தேவைப்பட்டது.

*

என் அம்மாவிடம் செயலி கிடையாது. மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் இருந்தது. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பால் கணக்கு. கூடுதலாக அரை லிட்டர் வாங்கினால் ஒரு கோடு, வாங்காத நாளில் ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதியில் 'சி'. சலவைக்குப் போட்ட துணியின் எண்ணிக்கை. சில தேதிகளின் மூலையில் பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி இருக்கும். அது என்னவென்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நான் பெரியவளான பிறகு எனக்கென்று இரண்டாவது புள்ளி ஒன்று சேர்ந்தது. அதற்கும் முந்தைய தலைமுறையில் கரிக்கோடும் முந்தானை முடிச்சும். முடிச்சைப் பார்த்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வரும், அது எது என்பது போட்டவளின் தலைக்குள்தான் இருக்கும்.

தமிழில் சுவரில் கோடு போடும் பெண் மிகப் பழையவள். திருக்குறளின் 1261ஆம் குறளில், பிரிந்து போனவன் சென்ற நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்தவளாக வருகிறாள். சுவரில் இட்டுவைத்த கோடுகளைத் தொட்டு எண்ணுவதாகப் பரிமேலழகர் உரை சொல்லும். இருபது ஆண்டுகளாக அதை ஏக்கத்தின் பாடலாகவே நடத்திவந்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. அவன் போன நாள், வரவேண்டிய நாள், கடந்த நாள் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பவள் அவள். தேய்வதும் அவள் விரல்.

*

வீட்டு வேலைப் பட்டியல் 'அறிவியல்' ஆனது அமெரிக்காவில். அதன் பிறப்பிடம் தொழிற்சாலை.

1911இல் ஃபிரெடரிக் டெய்லர் 'அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள்' நூலை வெளியிட்டார். பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியை நாற்பத்தேழு டன் சுமக்க வைத்ததாக அதில் சொல்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. அதன் மையக் கருத்து ஒன்றுதான்: யோசிப்பதைச் செய்வதிலிருந்து பிரித்துவிடு. எதை, எப்போது, எப்படி என்று மேலாளர் திட்டமிடுவார், தொழிலாளி செய்வார். தொழிலாளிக்கு அது இழப்பு. அவருடைய கைத்தொழில் அறிவு மேலாளரின் தாளுக்குப் போய்விட்டது. ஆனால் யோசிப்பதும் ஒரு வேலை, அதற்கும் சம்பளம் உண்டு என்பதை ஆலை ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டே, 1912இல், கிறிஸ்டின் ஃபிரெடரிக் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் இதை அடுக்களைக்குக் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவ எத்தனை அசைவு, மேடை எவ்வளவு உயரம், எந்த மணிக்கு எந்த வேலை. 1915இல் வந்த அவருடைய 'ஹவுஸ்ஹோல்ட் இன்ஜினியரிங்' கால அட்டவணைகளும் அட்டைக் கோப்புகளும் நிறைந்த பாடப்புத்தகம். வீட்டு வேலைக்கு மரியாதை தேடினார் என்பது உண்மை. ஆனால் ஆலையில் இரண்டு பேராக இருந்தவர்கள் வீட்டில் ஒருத்தி ஆனார்கள். திட்டமிடுபவளும் அவள், செய்பவளும் அவள். பார்பரா எஹ்ரென்ரைக்கும் டெய்ட்ரி இங்கிலிஷும் 1978இல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: ஒருத்தி மட்டுமே இருக்கும் அடுக்களையில் டெய்லரின் பிரிவினைக்குப் பொருளே இல்லை, கணக்கெழுதும் வேலை புதிதாகச் சேர்ந்ததுதான் மிச்சம். பழைய வேலைப் பட்டியலில் 'பட்டியல் போடு' என்று இன்னொரு வரி.

இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமானவர் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், 1915இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து ஆலைகளில் அசைவு ஆய்வு செய்தவர். 1914இல் வந்த அவருடைய மேலாண்மை உளவியல் நூலில் 'எல்.எம். கில்பிரெத்' என்று எழுத்துகளாக மட்டுமே பெயர் இருந்தது. பெண் என்று தெரிய வேண்டாம் என்று பதிப்பாளர் நினைத்தார். 1924இல் கணவர் இறந்ததும், ஒரு பெண்ணை நம்பி ஆலையை ஒப்படைக்க நிறுவனங்கள் தயங்கின. அவர் அடுக்களை வடிவமைப்பின் பக்கம் திரும்பினார். அடுக்களை பற்றிப் பெண்ணொருத்தி பேசினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா? காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் கதவுக்குள் அடுக்குகள் ஆகியவற்றோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய சொந்த வீட்டில் அன்றாட வேலைகளைப் பார்த்தவர்கள் மாமியாரும் ஒரு வேலையாளும்.

அந்த வீட்டின் குளியலறையில் ஒரு அட்டவணை தொங்கியதை, பிள்ளைகள் இருவர் 1948இல் எழுதிய 'சீப்பர் பை தி டஜன்' நூலில் படிக்கலாம். பல் தேய்த்தாயிற்றா, குளித்தாயிற்றா, படுக்கை விரித்தாயிற்றா. முடித்ததும் எழுதத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரெழுத்தைப் போட வேண்டும். ஆண்பிள்ளையும் போட வேண்டும், பெண்பிள்ளையும் போட வேண்டும். என் செயலியில் இல்லாத ஒன்று அந்தத் தாளில் இருந்தது. செய்தவர் கையெழுத்து.

*

தாளிலிருந்து திரைக்கு வந்த வழி இன்னொரு ஆலை வழியாகப் போகிறது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ, அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் அலமாரி காலியாக ஆகத்தான் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து 'கன்பான்' அட்டை முறையை வளர்த்தார். எது தேவை என்று அட்டை சொல்லும். முந்தைய கட்டத்தில் இருப்பவர் அதைப் பார்த்து வேலையை எடுப்பார். யாரும் யாரையும் போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 2011இல் வந்த டிரெல்லோ போன்ற செயலிகள் இந்த அட்டைப் பலகையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தன. 2017இல் அதை அட்லாசியன் நிறுவனம் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்தவர் வேலையை நினைவில் வைக்கும் கருவிக்குச் சந்தையில் இவ்வளவு விலை. அதே வேலையை நினைவில் வைத்திருக்கும் பெண்ணுக்கு 'அவளுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி' என்ற பாராட்டு.

வீட்டில் கன்பான் ஏன் ஓடுவதில்லை? அட்டை இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. எடுக்கச் சொல்வது ஒரு வேலை. எடுத்தார்களா என்று பார்ப்பது இன்னொரு வேலை. 2017இல் எம்மா என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சு ஓவியர் வரைந்த ஒரு படக்கதை உலகெங்கும் பகிரப்பட்டது. 'கேட்டிருக்கலாமே' என்பது அதன் தலைப்பு. நம் வீடுகளில் அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. நான் அந்த எக்செல் தாளைக் காட்டியபோது என் கணவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னது: "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?"

சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேலையை நான்காகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளிடையே முடிவெடுப்பதில் ஆண்களுக்குப் பங்கு இருந்தது. முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. எந்த டிவி வாங்கலாம் என்பதில் இருவர் இருப்பார்கள். இட்லி அரிசி தீரப்போகிறது என்பதில் ஒருத்திதான் இருப்பாள்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனை முறையில் நடந்த காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2019இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இவை செய்த நேரம். திட்டமிடலுக்கும் இத்தகைய கணக்கெடுப்புகளின் வகைப்பாட்டில் இடம் உண்டு. ஆனால் நாம் அதற்கென்று தனியாக உட்காருகிறோமா? நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு மாவு இருக்கிறதா என்று யோசிக்கும் நாற்பது நிமிடம் 'பயணம்' என்றுதான் பதிவாகும். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு வழங்கத் தொடங்கிய மாதம் 1,000 ரூபாயின் பெயரில் 'உதவி' இல்லை, 'உரிமை' இருக்கிறது. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் வேலையைப் பங்குபோடுவதை அரசு செய்ய முடியாது, அது வீட்டுக்குள் நடக்க வேண்டியது.

*

புதிய செயலியில் பழைய தாளை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் பழைய வீட்டை அப்படியே புதிய இடத்துக்குக் குடிபெயர்த்தது போல ஆகியிருக்கும்.

பட்டியலை வேலை வேலையாகப் பிரித்துக் கொடுப்பதையும் நிறுத்தினேன். வேலையை ஒப்படைத்தால் கண்காணிப்பு என்னிடமே தங்கிவிடுகிறது. அதனால் துறை துறையாகக் கொடுத்தேன். சிலிண்டர், மின்கட்டணம், தண்ணீர், வண்டிகள் எல்லாம் கணவருக்கு. தீர்வதைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு, நான் நினைவூட்ட மாட்டேன். பாட்டியின் மாத்திரையும் மருத்துவமனையும் மகனுக்கு. மகளின் பெயரில் அவளுடைய படிப்பையும் அவளுடைய அறையையும் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

ஜூலையில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு சிலிண்டர் தீர்ந்தது. மாற்று இல்லை. எனக்கு மூன்று நாட்களாகவே அடுப்புச் சுடரின் நிறம் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருந்ததுதான் அந்த வாரத்தில் நான் செய்த கடினமான வேலை. அன்று எல்லோரும் கடையில் சாப்பிட்டோம். அதன்பின் இதுவரை அப்படித் தீரவில்லை. இதை வெற்றி என்று எழுத மாட்டேன். மற்ற துறைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

மகள் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "என் பேரை எடுத்துட்டியாம்மா? அப்ப பாட்டி மாத்திரையை யாரு பாப்பா?"

"அண்ணன் பாத்துப்பான்."

"அவன் மறந்துடுவான்மா."

பதினாறு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது: மாத்திரை எப்போது, மறப்பவன் யார், மறந்தால் என்ன ஆகும். கைபேசியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்பிலிருந்து அவள் தலைக்குள் ஏற்றியதை எங்கே போய் எடுப்பது?

இரவு ஒன்பதுக்கு நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. என் கண்ணும்தான். எழுந்திருக்கப் போனவளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒன்பது இருபதுக்குத்தான் அவன் அறைக் கதவு திறந்தது. தண்ணீர்ச் செம்போடு பாட்டியின் அறைக்குள் போனான். அவள் பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது எனக்குக் கேட்டது.

அந்த எக்செல் தாளை அழிக்கவில்லை. அச்செடுத்து, அம்மாவின் காலண்டர்கள் இருக்கும் துணிப்பையிலேயே வைத்திருக்கிறேன். ஒருநாள் என் மகளிடம் கொடுப்பேன், மகனிடமும்.