முக்கூடலில் ஓர் ஆதுலசாலை

காஞ்சிபுரம் என்றவுடன் கோபுரங்களும் பட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகருக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் திருமுக்கூடலில், காஞ்சி வட்டாரத்தின் வேறொரு பெருமை கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலிலே, கி. பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய சாசனம் ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்லூரியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலையும் நடைபெற்றதை அது கூறுகிறது. ஆதுலர் என்பார் பிணியுற்றோர். ஆதுலசாலை என்பது அவர்களுக்குரிய மருத்துவமனை.

அங்கே படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்வார், அதாவது அறுவை மருத்துவர், ஒருவர், மூலிகையும் விறகும் கொணர இருவர், நோயாளரைப் பேணி மருந்தூட்டப் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். நோயாளி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் சொல்லி வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, நெடுநாள் வைத்துப் பழமையாக்கிய நெய். ஆயுர்வேத நூல்கள் இதனை மனப்பிணிக்குரிய மருந்துகளுள் ஒன்றாகக் கூறும். உடலைப் போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருந்துண்டு என்று தெளிந்த மரபு அது!

இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்னும் ஊர் செலுத்திய வரி இதற்கு ஒதுக்கப்பட்டது. மாதவன் தாமயன் என்னும் வணிகன் எழுப்பிய மண்டபம் இடமாயிற்று. அரசன் ஆணையிட்டான், கோயில் நடத்தியது. பலர் கைகள் சேர்ந்தமையால் பிணியாளன் பெற்றது பிச்சையாக இல்லாமல், கல்லில் எழுதிய உரிமையாயிற்று.

ஆயினும், குறையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அந்த 15 படுக்கைகளும் கல்லூரியையும் கோயிலையும் சார்ந்தவர்களுக்கே உரியவை. அவ்வரிக்குரிய நெல்லை விளைவித்த உழவனுக்கு அங்கே இடம் எழுதப்படவில்லை. காஞ்சியில் தறியின்முன் நாளெல்லாம் முதுகு வளைந்த நெசவாளனுக்கும் இல்லை. அறம் இருந்தது, அதன் வாயில் குறுகியிருந்தது.

அவ்வாயிலை அகலத் திறக்கும் முயற்சிகள் நம் காலத்தில் நடைபெறுகின்றன. 1993ஆம் ஆண்டில், தெருவில் ஆதரவற்று அலைந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தரச் சென்னையில் இரண்டு இளம்பெண்கள் 'பேனியன்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். பின்னர் அதன் பணி, அந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோவளத்துக்கும் விரிந்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப் பெற்றது. அதன்படி, மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகளை வீடுதேடிக் கொண்டு சேர்க்கின்றனர். அன்று நோயாளி சாலையை நாடிச் சென்றான். இன்று சாலை நோயாளியை நாடி வருகிறது.

மாணவர்களே, விடுமுறையில் ஒருமுறை திருமுக்கூடலுக்குச் சென்று வாருங்கள். அக்கல்லின்முன் நின்று, நம் முன்னோர் என்ன செய்தனர் என்று பெருமை கொள்ளுங்கள். அத்துடன், நம் ஊரில் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை காண்பதே அந்தச் சாசனத்துக்கு நாம் எழுத வேண்டிய அடுத்த வரியாகும்.