வாண்டுமாமா வளர்த்த தமிழ்

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே அமைந்துள்ள குஷாய்குடா, தொழிற்சாலைகளால் வளர்ச்சியுற்ற பகுதியாகும். இந்திய அரசின் மின்னணுக் கழகம் 1967-ஆம் ஆண்டில் அதனருகே தோன்றிய பின்னர், வேலையின் பொருட்டுப் பல மாநிலத்தாரும் அங்கே குடியேறினர். அத்தகைய இடங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கவலை உண்டு. குழந்தைகள் தமிழிலே பேசுகின்றனர். படிக்க மட்டும் அறியார்.

அரிச்சுவடி ஒன்றே இக்குறையை நீக்கிவிடுமா? எழுத்தறிந்த பிள்ளைக்குப் படிக்கும் ஆவலும் பிறக்க வேண்டும். அவ்வாவலை ஊட்டுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் வாண்டுமாமா.

அன்னாரின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டையை அடுத்த அரிமளத்தில் 1925-ஆம் ஆண்டு பிறந்தார். வாண்டுமாமா என்பது ஓவியர் மாலி சூட்டிய பெயர். பெரியோருக்கென எழுதியபோது கௌசிகன் என்ற புனைபெயரை மேற்கொண்டார். எனினும், சிறுவர் இட்ட வழக்கே நிலைத்தது. தமிழ்நாடு முழுவதற்கும் அவர் மாமாவானார்.

1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘கோகுலம்’ இதழின் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1984-இல் வெளிவரத் தொடங்கிய ‘பூந்தளிர்’ இதழையும் உருவாக்கி வளர்த்தார். ஓவியர் செல்லத்துடன் இணைந்து அவர் படைத்த ‘பலே பாலு’, ‘ஓநாய்க்கோட்டை’ முதலிய சித்திரக் கதைகள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையையும் அடுத்த பக்கத்திற்கு ஈர்த்துச் சென்றன. படம் கதையின் பாதியைச் சொல்லும்; மீதியை அறிய எழுத்தைப் படித்தே தீரவேண்டும். இதுவே அவற்றின் சூட்சுமம். கதைகளோடு நில்லாமல், அறிவியலையும் எளிய தமிழில் எடுத்துரைத்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றி, 2014-ஆம் ஆண்டில் மறைந்தார்.

நாம் வாழும் தெலுங்கு நாட்டிற்கும் இம்மரபு புதிதன்று. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து ‘சந்தமாமா’ தெலுங்கிலும், ‘அம்புலிமாமா’ தமிழிலும் ஒருங்கே பிறந்தன. நம் அண்டை வீட்டுப் பாட்டனார் இளமையிற் படித்த வேதாளக் கதைகளையே நம் பாட்டன்மாரும் படித்தனர். இரு வீட்டுப் பிள்ளைகளும் தத்தம் தாய்மொழியைக் கதையின் வாயிலாகவே விரும்பிக் கற்றனர்.

ஆகவே, வாண்டுமாமாவின் நூலொன்றை வாங்கி, இரவுதோறும் ஓர் அத்தியாயம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோம். ஒருநாள் கதாநாயகன் இக்கட்டில் சிக்கும் இடத்திலே நிறுத்திவிட்டு, நூலை அவர்தம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவோம். எஞ்சிய பணியை வாண்டுமாமா பார்த்துக்கொள்வார்.