27,000 வாத்தியார்களும் ஒரு ரயில் அட்டவணையும்

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காவேரிப்பட்டினம் சேலம் மாவட்டத்து ஊர். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இப்படி ஊரின் மாவட்டம் இரண்டு முறை மாறியது. ஆங்கில வாத்தியாருக்குப் பயிற்சி வந்து சேரும் வழி மட்டும் பெரிதாக மாறவில்லை. மேலே எங்கோ தொடங்கும், ஒவ்வொரு படியாக இறங்கும், கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்துப் பள்ளியின் வகுப்பறைக்கு வந்து நிற்கும்.

அந்த வழியைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்த திட்டத்துக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களில் 27,000 பேரை மறுபடி பழக்குவது அதன் இலக்கு. 1962-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆங்கிலக் கல்வி இதழ் ஒன்றில் டி.ஏ. ஸ்மித் இதைப் பற்றி எழுதியபோது, அந்த எண்ணைத் தலைப்பிலேயே போட்டார். போட வேண்டிய எண்தான். அத்தனை பேரையும் நேரடியாகக் கூப்பிட்டு உட்காரவைக்க இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆகவே முதலில் சிலரை நன்றாகப் பழக்குவது. அவர்கள் திரும்பிப் போய் ஆளுக்குச் சிலரை. அந்தச் சிலர் இன்னும் பலரை. உருளும் பனிப்பந்து பெருப்பதுபோல எண்ணிக்கை பெருகும்.

இறக்கிவிடப்பட்ட சரக்கு என்ன? அமைப்பு முறை. அதுவரை ஆங்கில வகுப்பு என்றால் பாடத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்வது, இலக்கணம், மனப்பாடம். இப்போது வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வாயால் பழக்கி, கண்முன்னே ஒரு சூழலை உண்டாக்கிக் காட்ட வேண்டும். வாத்தியார் கதவை நோக்கி நடப்பார். நடந்துகொண்டே "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்பார். தொட்டுவிட்டு, "ஐ ஹேவ் டச்ட் தி டோர்." வகுப்பு மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்லும். பிறகு ஒரு பையன் நடப்பான், கதவுக்குப் பதில் ஜன்னல் வரும். கரும்பலகையில் கட்டம் போட்டு, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்துப் பத்து வாக்கியம் செய்வார்கள். ஆங்கிலம் அதிகம் பேசிப் பழகாத ஆசிரியரும் தடுமாறாமல் நடத்திவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. அந்த வசதியைக் குறைத்துப் பேசுவதில் நியாயமில்லை.

ஒருவர் மூலம் பலருக்கு என்ற யோசனையும் வெளியூர்ச் சரக்கு அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலையே அதுதான். 1789-ல் எழும்பூர் ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது. 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஆனால் மணலில் 'அ' போடக் கற்றுத் தருவது வேறு, கற்பிக்கக் கற்றுத் தருவது வேறு. மேல் படியில் ஓர் உத்தியை ஏன் கையாள வேண்டும் என்று பேசுவார்கள். அடுத்த படியில் எப்படி என்பது மட்டும் இறங்கும். கடைசிப் படியில் இருக்கிறவர் கதவைத் தொடுவார். எதற்குத் தொடுகிறோம் என்பது நடுவழியிலேயே நின்றுவிட்டிருக்கும்.

பயிற்சிக்கென்றே நிறுவனங்களும் எழுந்தன: 1950-களில் அலகாபாத், 1958-ல் ஹைதராபாத், 1963-ல் தென் மாநிலங்களுக்காகப் பெங்களூரில் மண்டல ஆங்கில நிறுவனம். கடைசியாகச் சொன்னது காவேரிப்பட்டினத்து ஆசிரியருக்குச் சென்னையைவிடக் கிட்டத்தில். இந்த எல்லைச் சீமையில் மேல்படிப்புக்குப் பெங்களூர் பக்கம் போவது பழைய வழக்கம். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஓசூரில் படித்துவிட்டுப் போனதும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குத்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 30 நாள் பயிற்சிக்காக இன்றும் பெங்களூர் நிறுவனத்துக்குப் போய்வருகிறார்கள்.

அதே பெங்களூரில்தான் அமைப்பு முறைக்கு மறுப்பும் பிறந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரை நடந்தது. 27,000 எங்கே, இது எங்கே: மொத்தமே எட்டு வகுப்புகள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். வாக்கிய அமைப்புகளின் பட்டியலை அவர் தூக்கி ஓரமாக வைத்தார். வகுப்புக்கு ஒரு ரயில் அட்டவணை வரும், அல்லது ஊர் வரைபடம். மதியத்துக்குள் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்கிற மாதிரி கேள்விகள். முதலில் ஆசிரியர் கேட்கக் கேட்க வகுப்பே சேர்ந்து யோசிக்கும். பிறகு அதுபோல ஒன்றைப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும். வண்டி சரியா என்பதுதான் மதிப்பெண். வாக்கியத்தில் பிழை வந்தால் போகிறபோக்கில் திருத்தினால் போதும். உலகம் முழுக்க இன்று 'பணிவழிக் கற்பித்தல்' பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எட்டு வகுப்புகளைக் குறிப்பிடாமல் தாண்டுவதில்லை. ஆனால் வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்கு இது லேசில் பிடிபடவில்லை என்பதையும் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, தம் வகுப்பில் எது எடுபடும் என்று ஆசிரியருக்கே உண்டாகிற தெளிவுதான் முக்கியம் என்று பிரபு 1990-ல் எழுதினார். அந்தத் தெளிவைப் பயிற்சிக் கட்டகமாக அச்சடித்து அனுப்ப முடியாது; பயிற்சித் துறைக்கு அதுவே தலைவலி.

கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்தில் இன்னொருவர் வேறு விதமாகப் போனார். பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்த டேவிட் ஹார்ஸ்பரோ, 1972-ல் ராயல்பாடு கிராமத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில், தேர்வு கிடையாது, அவரவர் வேகம். ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே. ஒரு நேரத்தில் ஒரு சிலர் தங்கி, பிள்ளைகளோடேயே இருந்து கற்றார்கள்.

நீல்பாக் சிந்தனை மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளுக்குப் போய், 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றலாக வந்தது. முதலில் சேர்ந்த ஆசிரியர்களை ரிஷிவேலிக்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2007-ல் மாநிலம் முழுக்க விரிந்தபோது அது நடக்கிற காரியமா? மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம், குறுவள மையம் என்று பழைய படிக்கட்டில்தான் இறங்கியது. சில பேரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியவரின் முறை ஸ்னோபால் வழியில் ஊர் ஊராகப் போனது.

2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சிக்கும் படிகள் அவையே. காவேரிப்பட்டினம் ஒன்றியத்துக்கும் தளி, ஓசூர் ஒன்றியங்களுக்கும் ஒரே கட்டகம். தளியிலும் ஓசூரிலும் முன்வரிசைப் பிள்ளை வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ உருதுவோ ஆக இருக்கலாம். தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம் என்பது அந்த வகுப்பில் எடுபடாது. அங்கே என்ன செய்யலாம் என்பதற்குக் கட்டகத்தில் பக்கம் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில், கருத்தாளர் இல்லாத பெஞ்சில், ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் அதைத்தான்.