கரோக்கேயும் சொல் மறைத்த விளையாட்டும்

'கரோக்கே' என்னும் யப்பானியச் சொல் 'வெறுமையான வாத்தியக்குழு' எனப் பொருள்படும். கோபே நகர மதுக்கூடங்களில் வாத்தியம் இசைத்து வாழ்ந்த இனூவே தைசுகே, தம் இசைக்குப் பாடிப் பழகிய வாடிக்கையாளர் ஒருவரின் பயணத்திற்கு உடன்செல்ல இயலாமையால், இசையை நாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். அதன் விளைவே 1971இல் அவர் மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்ட 11 பொறிகள். (1967இலேயே நெகிசி சிகெயிச்சி இத்தகையதொன்றைச் செய்திருந்தமை மறக்கற்பாலதன்று.) இருவருமே ஆக்கவுரிமை பெற்றாரல்லர்.

பாட்டை மனனஞ் செய்யாதவனுக்கும் சொற்களை முதலில் ஏட்டிலும் பின்னர்த் திரையிலும் காட்டிப் பாடவைத்தமையே கரோக்கேயின் பெருங்கொடை என்பது எமது கருத்து. ஐக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி அக்கொடையைத் தலைகீழாக்கிற்று. பொக்ஸ் நிறுவனம் 'டோன்ட் பொகெட் த லிரிக்ஸ்' என்னும் போட்டியை 2007 யூலை 11இல் தொடங்கவிருக்க, என்.பீ.சீ. நிறுவனம் தனது 'த சிங்கிங் பீ'யை அவசரமாக முற்படுத்தி 10ஆந் திகதியே ஒளிபரப்பியது. இரண்டிலும் பாட்டு நடுவே நின்றுவிடும். தொடரும் சொற்களைப் போட்டியாளர் பிழையறப் பாடவேண்டும். குரலினிமை கணக்கில் எடுக்கப்படுவதில்லை! பொக்ஸின் உச்சப் பரிசு 10 இலட்சம் டொலர், என்.பீ.சீ.யினது 50,000. ஒருநாள் முந்திய 'சிங்கிங் பீ' 2009இல் வேறோர் அலைவரிசைக்கு இடம்பெயர்ந்தது. பிந்தியதோ 2022இல் பொக்ஸிலேயே மீண்டும் தொடங்கியது.