தீயிலும் தண்ணீரிலும் விழுந்த மகன்



மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இயேசுவின் முன் முழங்கால்படியிடுகிறான். தன் மகன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்பதே அவன் முறையீடு. பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் லைட்ஹவுஸ் குப்பத்தில் இப்பகுதிக்கு விளக்கவுரை தேவையில்லை. வீட்டில் அடுப்பு, வெளியே நீர். வலிப்பு ஓரிரு நிமிடங்களே நீடிக்கலாம். படகில் தனித்திருப்பவனுக்கு அந்த நிமிடங்களே போதும், உயிர் போக.

நமது வேதாகமம் அம்மகனைச் சந்திரரோகி என்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லும் சந்திரனை அடியாகக் கொண்டதே. நிலவினால் இந்நோய் வருகிறதென்று முன்னோர் எண்ணினர். ஆயினும், கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல், இதன் காரணம் மூளையில் உள்ளது என்று உரைத்தது. 1857-இல் புரோமைடு உப்பும், 1912-இல் பீனோபார்பிட்டாலும் மருந்தாக வந்தன. நம் நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1952-இல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சையையும் செய்தார்.

மருத்துவம் முன்னேறியது, மனிதர் மனம் அவ்வளவு விரைவாக முன்னேறவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்திற்குத் தடையாகவே எழுதிவைத்தது. அச்சொல் 1999-இல்தான் நீக்கப்பட்டது. நம்முடைய திருமணச் சட்டம் வேறு. ஆனால் நம் குடும்பங்களின் அச்சம் வேறன்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைக்கிற வீடுகள் நம்மிடையேயும் உண்டு.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் வலிப்பு வராத நாட்களிலும் ஒரு நோவு உண்டு. எப்போது விழுவேனோ என்ற பயம், யார் பார்த்தார்களோ என்ற வெட்கம், தொழிலுக்கு அழைக்கப்படாத தனிமை. மனச்சோர்வும் பதற்றமும் இவர்களைப் பிறரைவிட அதிகமாகத் தாக்குகின்றன.

பிரியமானவர்களே, இவர்களைப் பிசாசு பிடித்தவர்கள் என்று சொல்லாதிருங்கள். அந்த மகனிடமிருந்து ஆண்டவர் பிசாசைத் துரத்தினார் என்பது உண்மை. ஆயினும் மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. ஜெபத்திற்கு வருகிறவரிடம், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பது போதகர்களாகிய எங்கள் கடமையும் ஆகும். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதிருங்கள். ஒருவர் விழுந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை அருகிருங்கள். 5 நிமிடத்திற்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தெளிந்தபின் அவர் முகத்தைப் பார்த்து அன்பாய்ப் பேசுங்கள்.

சீஷர்களால் கூடாமற்போன பின்பும் இயேசு அம்மகனை விலக்கவில்லை. தம்மிடத்தில் கொண்டுவரச் சொன்னார். தகப்பனும் அவனை ஒளித்து வைக்கவில்லை. ஜனக்கூட்டத்தின் நடுவே கொண்டுவந்தான். நம் சபையில் அப்படி ஒரு தகப்பன் வெட்கமின்றி வந்து நிற்க இடமுண்டா? இந்த வாரம் அதை நம் உள்ளத்தில் கேட்டுப் பார்ப்போம்.

கர்த்தர் தாமே உங்களைத் தேற்றுவாராக. ஆமென்.